பிள்ளைச்சீனி

பொழியூர்
22 ஆகஸ்ட் 2024

சிஜி அக்கா,

இந்தக் கடுதாசியில மீன்வாடை அடிச்சா மூக்கைச் சுளிக்காத. மீன்காரி ஞானபாய் அக்கா சாளைமீன் சருவத்துக்கு அடியில கவரில சுருட்டி வெச்சு கள்ளிக்காடு சந்தைக்குக் கொண்டு வாறா. நீ மெடிக்கல் ஸ்டோரில தனியா நிக்கிற நேரம் பாத்துத் தரணும்னு சொல்லியிருக்கேன். பதிலை அவ கையிலேயே குடு. தமிழில எழுது. மாமிக்கு மலையாளம் எழுத்து மட்டும்தான் தெரியும். களியக்காவிளையில நான் எட்டு வரை படிச்ச தமிழ் இதுக்காவது உதவட்டும்.

போன் எங்கன்னு கேப்ப. மாமி வாங்கி வெச்சிருக்கா. போனில இருந்து வாற கதிர் வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். நீ விளிக்கும்போது எல்லாம் "ஷிஜா உறங்குதா"ன்னு சொல்லுதா இல்லையா? நான் உறங்கல்ல அக்கா. பக்கத்திலதான் இருக்கேன்.

வயித்துப் பிள்ளைன்னு எழுதிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

ரெனிலைக் கடல் எடுத்ததுக்கு அப்புறம் எனக்கு மாசக்குளி வரல்ல. நாற்பத்தொண்ணாம் நாள் பூசை முடிஞ்சு சோறு விளம்பிக்கிட்டு இருக்கும்போ மாமி எல்லாப் பெண்ணுங்க முன்னாலயும் கேட்டா, "மக்களே, நீ இந்த மாசம் குளிச்சியா?" நான் இல்லன்னு தலையாட்டினேன். அவ்வளவுதான் செஞ்சேன். மாமி கரண்டியைக் கீழ போட்டுட்டு என் வயித்தில முகத்தை வெச்சு அழுதா. கரை முழுக்க அதோட தெரிஞ்சுபோச்சு.

உனக்குத் தெரியாத ஒண்ணு உண்டு. மகனை அடக்கம் பண்ணின நாளில இருந்து மாமி சோறு தின்னல்ல. பால் இல்லாத கட்டஞ்சாயாதான். ரெண்டு தடவை மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏத்தினோம். அண்ணைக்குப் பூசைச் சோத்தை என் தட்டில இருந்தே எடுத்துத் தின்னா. ஒரு சோத்துருளை எனக்கு, ஒரு உருளை அவளுக்கு. இப்பம் தினமும் தின்னுதா. சாளைக்கறி வேணும், மரச்சீனிக்கிழங்கு வேணும்னு கேட்டுத் தின்னுதா.

என்னை முற்றத்துக்கு இறங்க விட மாட்டா. மூணு மாசம் கழியட்டும்னு சொல்லுதா. சுகாதார வேலை பாக்கிற ஆஷா சேச்சி கர்ப்பிணிங்க பட்டியல்ல பேர் சேக்க வந்தா, அவளையும் திருப்பி அனுப்பிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னா, "எம் பிள்ளையைத் துணியில பொதிஞ்சு தந்த வாசல் அது, அங்க இப்பம் உன்னைக் கொண்டு போக மாட்டேன்"னு சொல்லுதா. 

அக்கா, நானும் பாதி நம்புறேன். அவன் சட்டை இன்னும் ஆணியில தொங்குது. அவனில எதாவது மிச்சம் இருக்கும்னு நினைச்சா மனசு கொஞ்சம் எழும்புது. ஆனா என் உடம்பு உனக்குத் தெரியும். முந்தியும் மாசக்கணக்கில வராம இருந்ததுதானே.

பரிசோதிக்கிற அந்தக் கார்டு ஒண்ணு ஞானபாய் அக்கா கையில குடுத்துவிடு.

ஷிஜா


அம்பூரி
26 ஆகஸ்ட்

எடி மக்கா,

மீன்வாடையா? கடையில எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு கிழவர் "இங்க கருவாடும் உண்டா"ன்னு கேட்டார். சிரிச்சேன். சிரிச்சு முடிக்கும்முன்ன அழுகை வந்துட்டு.

ஒரு மாசமா விளிச்சுக்கிட்டே இருக்கேன். "உறங்குதா, உறங்குதா". என்ன உறக்கம் இது, கரடியானு நினைச்சேன். என் மேல உனக்குக் கோபம்னுகூட நினைச்சேன். ரெனிலுக்க ஏழாம் நாள் அண்ணைக்கு நான் வாயை அடக்கியிருக்கலாம். "இவளைக் கொஞ்ச நாள் நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்"னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு உன் மாமி, "எம் மகன் போன வீட்டில மிச்சம் இருக்கிற விளக்கையும் அணைச்சுட்டுப் போவியா, இறங்கடி மலைக்காரி"ன்னு பந்தல்ல வெச்சு விரட்டினா. ரெனில் முகத்துக்காகப் பேசாம வந்தேன். மறக்கல்ல.

இப்பம் விஷயத்துக்கு வா. குளி ஒழுங்காக நீ குடிச்சுக்கிட்டு இருந்த அந்தப் பொடியை, ரெனில் கடைசியாக் கடலுக்குப் போன நாள் வரை குடிச்சியா? எப்பம் நிறுத்தின? எங்க பார்மசிஸ்ட்டுகிட்ட ஒரு பெண்ணுக்குன்னு சொல்லிக் கேட்டேன். அந்தப் பாக்கெட்டில எழுதியிருக்கிற பேரு இனோசிடால். வைட்டமின் மாதிரி, ஆனா வைட்டமின் இல்லையாம். ஒரு வகைச் சர்க்கரை. ஆரஞ்சில உண்டு, பயறில உண்டு, கோதுமைத் தவிட்டில உண்டு, இறைச்சியில உண்டு. நம்ம உடம்பே கொஞ்சம் உண்டாக்கும். உன்னைப் போல நீர்க்கட்டி உள்ளவங்களுக்கு அதைத் தனியாக் குடுத்தா சிலபேருக்குக் குளி ஒழுங்காகும், நிறுத்தினா பழையபடி தவறவும் செய்யும். எல்லாருக்கும் கேக்கும்னும் இல்லையாம்.

ரெனில் போறதுக்கு முன்ன நாலு மாசம் நீ ஒழுங்காக் குளிச்சது அந்தப் பொடியில. இப்பம் குளிக்காதது பிள்ளையா, பொடி இல்லாததா, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் வெளிய தெரியும். அதனால கார்டு வெச்சிருக்கேன், பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ள. காலையில முதல் மூத்திரத்தில பாரு. ரெண்டு கோடு வந்தா பிள்ளை. ஒத்தக்கோடுன்னா இல்ல.

என்ன வந்தாலும் எழுது. பிஸ்கட்டையும் தின்னு.

சிஜி


பொழியூர்
30 ஆகஸ்ட்

அக்கா,

ஒத்தக்கோடு.

அஞ்சு நிமிஷம் பாக்கணும்னு அட்டையில போட்டிருந்துது. நான் மாமி கதவைத் தட்டுற வரை பாத்துக்கிட்டு இருந்தேன். வெயில்ல திருப்பிப் பாத்தேன். ரெண்டாவது கோடு மங்கலாத் தெரியுதான்னு கண்ணைச் சுருக்கிப் பாத்தேன். இல்ல. கார்டைக் கக்கூசில போட்டுட்டு, பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். ரெனிலை அடக்கம் பண்ணும்போது கூட நாலுபேர் என்னைத் தாங்கிப் பிடிச்சாங்க. இதுக்கு அழ எனக்கு பைப்புதான் துணை.

பொடியைக் கேட்டியே. நான் நிறுத்தல்ல. அடக்கம் கழிஞ்ச மறுநாள் மாமி அந்த டப்பாவைக் கொண்டுபோய்த் தெங்குமரத்து மூட்டில கொட்டினா. "கெட்டினவனே இல்ல, இனி யாருக்குடி பிள்ளைச்சீனி?"ன்னு சொல்லிச் சொல்லிக் கொட்டினா. அவ அதுக்கு வெச்ச பேருதான் பிள்ளைச்சீனி. இனிக்கும் இல்லையா, அதனால. எறும்பு வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. நாங்க ரெண்டுபேரும் வாசல்ல இருந்து அதைப் பாத்தோம்.

முந்தி அந்தப் பொடியை அவதான் தினமும் கலக்கித் தருவா. நான் குடிச்சு முடிக்கிற வரை நிப்பா. ரெனில் கடலுக்குப் போய்த் திரும்பி வந்ததும், "என்னடே, இண்ணைக்கு அம்மையும் மோளும் சர்பத் குடிச்சாச்சா?"ன்னு கேப்பான். அவனுக்கு எல்லாம் தமாஷ்.

இப்பம் எப்படிச் சொல்லுவேன்? நேத்து அடுத்த வீட்டு ஜெயபாய் ஆரஞ்சு கொண்டு வந்தா. பிள்ளை ஆணாப் பிறந்தா மாமனார் பேரு சிலுவைதாசன்னு வைக்கணும்னு பேசிக்கிட்டாங்க. மாமி சொன்னா, "அவரையும் கடல் எடுத்துது, இவனையும் எடுத்துது. இவனைக் கடல்ல விட மாட்டேன். டிரைவர் ஆக்குவேன்." வயித்தில இல்லாத பிள்ளைக்கு வேலையும் ஆச்சு அக்கா.

அவ தின்னுதா. அதை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் வாயைத் திறந்தா அந்தக் கை நின்னுபோகும்.

ராத்திரி வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கா. எனக்குத் தாகம் எடுத்தா எழும்பித் தண்ணி தாறா. இவ்வளவு பாசமா என்னை யாரும் பூட்டி வெச்சதில்ல.

ஷிஜா


அம்பூரி
3 செப்டம்பர்

மக்கா,

உன் கடுதாசியைப் பிள்ளைங்க பாக்காம ரப்பர் ஷீட் அடிக்கிற ஓலைப்புரையில நின்னு வாசிச்சேன். ரெண்டு தடவை.

முதல்ல கோபத்தைச் சொல்லிடுறேன். உங்க வீட்டுக் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. நான் கண்டிருக்கேன், கயிறுதான் கெட்டியிருக்கும். நீ செருப்பைப் போட்டு நடந்தா பஸ் ஸ்டாப்பு. உன்னைக் கெட்டிப் போட்டிருக்கிறது கயிறு இல்ல, உன் மாமிக்க சோறு. அவ தின்ன நீ கர்ப்பிணியா இருக்கணுமா? எத்தனை மாசம்? ஒன்பது மாசம் கழிஞ்சா எங்க இருந்து பிள்ளை கொண்டு வருவ, கள்ளிக்காடு சந்தையில இருந்தா?

இப்பம் நான் நினைக்கிறதைச் சொல்லுறேன். உன்னால வாயைத் திறக்க முடியாது. சின்னதில மாங்காய் திருடினதைக் கூட நீ சொல்ல மாட்ட, வயித்துவலி வந்து அதுவே சொல்லும். அதனால பொடி அனுப்பியிருக்கேன். ஒரு மாசத்துக்கு உள்ளது. நீ குடி. குளி வந்தா நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். மாமிக்கு எல்லாம் தெரியும், பின்பக்கம் என்ன எரியுது, கொடியில என்ன காயுதுன்னு பாக்கிறவதானே. அவளே கண்டு புரிஞ்சுக்குவா.

இன்னொண்ணும் எழுதணும், உனக்கு ஒளிக்க மாட்டேன். உன்னை இங்க கூட்டிக்கிட்டு வரணும்னு உன் அத்தான் சஜிகிட்ட சொன்னேன். "எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டாரு. கெட்ட மனுஷன் இல்ல, ரெண்டு அறை வீடு, பிள்ளைங்க வளருது. நான் பாத்திரம் கழுவினேன். சத்தமாக் கழுவினேன். ஒரு மணிக்கூர் கழிஞ்சு வந்து, "கட்டில் ஒண்ணு பழசு உண்டு, கால் சரிபண்ணணும்"னு சொன்னாரு. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

குடி, கேட்டியா.

சிஜி


பொழியூர்
14 செப்டம்பர்

அக்கா,

நீ அனுப்பின பொடியை நான் குடிக்கல்ல. அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சிருந்தேன். தினமும் காலையில எடுப்பேன், பாப்பேன், வெப்பேன். குடிச்சா குளி வரும். வந்தா எல்லாம் முடியும். குடிக்காம இருக்கிற வரை வயிறு பொய் சொல்லும், நான் சொல்ல வேண்டாம். அப்படித்தான் நாள் போச்சு.

போன வாரம் மாமி அதைக் கண்டெடுத்துட்டா.

 கத்துவான்னு நினைச்சேன். மாமி பாக்கெட்டை மூக்கில வெச்சு மணத்துப் பாத்தா, நாக்கில தொட்டுப் பாத்தா. முகம் அப்படியே விரிஞ்சுது. "மக்களே, பிள்ளைச்சீனியா? ஞானபாயிகிட்ட சொல்லி வாங்கினியா?" கேட்டுக்கிட்டே கிளாஸைத் தேடினா. "பிள்ளைக்குச் சத்து வேணும்னு உனக்குத் தோணிச்சே. எனக்குத் தோணல்லியே, நான் பாவி, தெங்கு மூட்டில கொட்டினேனே"ன்னு நெஞ்சில அடிச்சுக்கிட்டா. பிறகு என்னைக் கட்டிப்பிடிச்சு உச்சியில முத்தம் தந்தா.

அண்ணையில இருந்து தினமும் அவளே கலக்குதா. கரண்டி கிளாஸில தட்டுற சத்தம் கேட்டாலே நான் எழும்பி உக்காருவேன். கலக்கி, கிளாஸ் மேல சிலுவை வரைஞ்சு, "கர்த்தாவே எங்க கொச்சுப்பிள்ளையைக் காப்பாத்தும்"னு சொல்லித் தாறா. குடிச்சு முடிக்கிற வரை நிக்கா. நான் குடிக்கேன் அக்கா. வேற என்ன செய்ய? அவ கையில இருந்து வாங்கி அவ கண்ணு முன்னால குடிக்கேன்.

அனுப்பின ஆளு நீ, குடுக்கிற கை அவ கை ஆயிப்போச்சு.

அவ சந்தோஷமா இருக்கா. மகன் போன பிறகு முதல் தடவை தலைக்கு எண்ணெய் வெச்சா. எனக்கும் வெச்சுவிட்டா. அவ விரல் தலையில படும்போ சொல்லிடலாம்னு வாய் வரை வந்துது. அதுக்குள்ள ரெனிலுக்க சின்ன வயசுக் கதை தொடங்கிட்டா. கடலம்மைக்குப் பசிக்கும்னு தன் இட்டிலியை அலையில எறிஞ்ச கதை. அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். சிரிச்ச வாயால எப்படிச் சொல்ல?

ஆஸ்பத்திரிக்கு அக்டோபர் பாதியில கொண்டு போவாளாம். அதுக்கு முன்ன எதாவது நடக்கும். நடக்கட்டும்னும் இருக்கு, நடக்காம இருக்கட்டும்னும் இருக்கு.

ஷிஜா


அம்பூரி
18 செப்டம்பர்

மக்கா,

நான் பெரிய மடச்சி. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல.

குளி வந்தா அவளே கண்டு புரிஞ்சுக்குவான்னு எழுதினேன் இல்லையா. என்ன புரிஞ்சுக்குவா? நல்லா யோசிச்சுப் பாரு. பிள்ளை இருக்குன்னு நம்புற ஒருத்தி ரத்தத்தைக் கண்டா என்ன நினைப்பா? "பிள்ளையே இல்ல"ன்னா நினைப்பா? பிள்ளை கலைஞ்சுபோச்சுன்னுதான் நினைப்பா. எதனாலன்னு தேடுவா. அவ கையால தினமும் கலக்கித் தந்தது என்ன?

அந்தப் பொடி எந்தப் பிள்ளையையும் கலைக்காது, அது எனக்கும் உனக்கும் தெரியும். அவளுக்கு யாரு சொல்லிப் புரியவைக்கிறது? மகனுக்கு அப்புறம் பேரப்பிள்ளையையும் இழந்தேன், அதுவும் என் கையாலன்னு நினைப்பா. மக்கா, எனக்கு உன் மாமியைப் பிடிக்காது. ஆனா இதை என் எதிரிக்கும் செய்ய மாட்டேன்.

ரத்தம் வரும்முன்ன சொல்லு. உன் வாயால சொல்லு. கையைக் காலைப் பிடிச்சுச் சொல்லு, அழுதுகிட்டுச் சொல்லு, அடிச்சா வாங்கிக்கோ. இந்த ஒரு தடவை வயித்துவலியை நம்பி இருக்காத.

ஞானபாய் அக்காகிட்ட இதை அப்பமே தரச் சொல்லியிருக்கேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "உங்க ரெண்டுபேருக்க கடுதாசி சுமந்து சுமந்து என் மீனெல்லாம் அழுகுது." பாவம், அவளும் எதோ மோப்பம் பிடிச்சுட்டா.

சிஜி


பொழியூர்
9 அக்டோபர்

அக்கா,

நான் சொல்லல்ல. நீ எழுதி இத்தனை நாள் ஆச்சு, தினமும் இண்ணைக்குச் சொல்லணும்னு எழும்புவேன், கரண்டி சத்தம் கேக்கும், குடிப்பேன். திங்கள்கிழமை குளி வந்துட்டு.

மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். எழும்பும்போ மாமி பின்னால நின்னா. நைட்டியில கண்டுட்டா. அவ போட்ட சத்தம் இருக்கே, ரெனிலைக் கரைக்குக் கொண்டு வந்தப்பம் கூட அப்படிக் கேக்கல்ல. என்னைத் தூக்கிப் படுக்க வெச்சா. கால் ரெண்டையும் தலையணை மேல எடுத்து வெச்சா. பிறகு அடுக்களைக்குப் போய் அந்தக் கிளாஸை எடுத்து உள்ள பாத்துக்கிட்டு நின்னா. தரையில எறிஞ்சு உடைச்சா. தன் வலது கையை அம்மிக்கல்லில அடிச்சா, "இந்தக் கையாக்கும், இந்தக் கையாக்கும்"னு. நான் ஓடிப் போய்ப் பிடிச்சேன். தோல் பிஞ்சுபோச்சு.

அப்பம்தான் சொன்னேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டே எல்லாம் சொன்னேன். பிள்ளையே இல்ல மாமி, ஒருநாளும் இல்ல, கார்டு பாத்தேன், ஒத்தக்கோடு, ஆகஸ்ட் மாசமே தெரியும், உங்களுக்குச் சோறு இறங்கணும்னு சொல்லல்ல, உங்க கை ஒண்ணும் செய்யல்லன்னு.

மாமி என்ன செஞ்சா தெரியுமா? என் கன்னத்தைத் தடவினா. "மக்களே, எம் மேல பழி வரப்படாதுன்னு நீ பொய் சொல்லுத. பெத்த வயிறு எரியும்போது எனக்காகப் பொய் சொல்லுதியே. இந்த மனசு யாருக்கு உண்டு?" நான் இல்ல இல்லன்னு கத்தினேன். கத்தக் கத்த இன்னும் இறுக்கிப் பிடிச்சா. சாட்சி சொல்ல ஞானபாய் அக்காவை விளிச்சேன், கார்டு கொண்டு வந்தது அவதானே. மாமி அவகிட்ட, "நீங்க ரெண்டுபேரும் பேசி வெச்சதாக்கும்"னு சொல்லிட்டா. கார்டுக்க முடிவை ஞானபாய் அக்கா கண்டாளா? 

இப்பம் சர்ச் சாமியாரைக் கண்டு பிள்ளைக்கு ஒரு பூசை சொல்லப் போறாளாம். ரெனில் கல்லறையில சிலுவைதாசன்னு பேர் எழுதணுமாம். என்னை இனி உயிர் போனாலும் விட மாட்டாளாம், ரெனிலுக்கு அப்புறம் அவளுக்குப் பிள்ளை நான்தானாம்.

அக்கா, பொய் சொன்னப்பம் வாசல் வரையாவது போக முடிஞ்சுது. உண்மையைச் சொன்ன பிறகு எழும்பி நிக்கவும் முடியல்ல.

சோறு மறுபடி நிறுத்திட்டா. கையில சீழ் வைக்கத் தொடங்குது.

ஷிஜா


அம்பூரி
11 அக்டோபர்

மக்கா,

இந்தக் கடுதாசி உனக்கு இல்ல. மாமியை முன்னால உக்கார வெச்சு இதை உரக்க வாசி. ஞானபாய் அக்காவும் நிக்கட்டும். ஒரு வார்த்தை மாத்தாத. எனக்கு வலிக்கும்னும் பாக்காத, அவளுக்கு வலிக்கும்னும் பாக்காத.

லில்லிக்குட்டி மாமி,

நான் சிஜி. பந்தல்ல இருந்து நீங்க விரட்டின மலைக்காரி. உங்ககிட்ட எனக்கு அன்பு கிடையாது. உங்களுக்கும் என்கிட்ட கிடையாது. உங்க பழியைத் துடைக்க நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க தப்பு செஞ்சிருந்தா அதை எங்க அம்பூரி ஜங்ஷன்ல நின்னு சொல்லுவேன், எனக்கு அதில சந்தோஷம்தான்.

அதனால கேளுங்க. கார்டு அனுப்பினது நான். ஒத்தக்கோடுன்னு ஆகஸ்ட் மாசம் முப்பதாம் தேதி ஷிஜா எழுதின கடுதாசி என் கையில உண்டு. பொடி அனுப்பினதும் நான். பிள்ளைக்குச் சத்துக்கு இல்ல. குளி வரணும், நீங்க காணணும், அவளை விடணும், அதுக்காக அனுப்பினேன். நீங்க எடுத்துக் கலக்குவீங்கன்னு எனக்குத் தெரியாது. அது ஒருவகைச் சீனி, மாமி. ஜெயபாய் கொண்டு வந்த ஆரஞ்சில இருக்கிறதும் அதுதான். உங்க உடம்பிலயும் உண்டு. அது யாரையும் கொல்லாது.

செத்தது உங்க மகன் ஒருத்தன்தான். அதுவே போதும். இல்லாத பிள்ளையை அவன் பக்கத்தில அடக்காதீங்க.

கையை டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் மருந்துக்கடையில நிக்கிறவ, சீழ் பிடிச்ச கை எங்க போய் முடியும்னு கண்டிருக்கேன்.

அன்பு இல்லாத
சிஜி


பொழியூர்
14 அக்டோபர்

அக்கா,

வாசிச்சேன். ஒரு வார்த்தை மாத்தல்ல. "எனக்கு அதில சந்தோஷம்தான்"னு வந்த இடத்தில நான் நிறுத்திட்டேன். மாமி, "வாசிடி"ன்னு சொன்னா.

முடிச்ச பிறகு மாமி கடுதாசியை வாங்கி மடிச்சா. பிறகு ஞானபாய் அக்காவைப் பாத்து, "இவ அக்காக்காரி என்னை வெறுக்கா, கேட்டியா"ன்னா. ஞானபாய் அக்கா, "ஆமா லில்லி, நல்லா வெறுக்கா"ன்னு சொன்னா. மாமி தலையாட்டினா. "அப்பம் நெசமாக்கும்." அவ்வளவுதான். நான் அழுது கத்திச் சொன்னதை நம்பாதவ உன் வெறுப்பை நம்பிட்டா.

சாமியாரைக் காணப் போகல்ல. ஞானபாய் அக்கா கையைக் கழுவி மருந்து வெச்சு, பிறகு டாக்டர்கிட்டயும் கூட்டிக்கிட்டுப் போனா. ஆனா சோறு தொடல்ல. சனி, ஞாயிறு தொடல்ல. என்னை ஏசவும் இல்ல, ஏசினா நல்லா இருந்திருக்கும். என்னைத் தாண்டிச் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா. ஜெயபாய் வாசல்ல வந்து, "வயித்தைக் காட்டி ஆரஞ்சு தின்னவ"ன்னு என்னைச் சொன்னப்பம் மட்டும் மாமி எழும்பினா. "பிள்ளை உண்டுன்னு சொன்னது நான். அவ தலையைத்தான் ஆட்டினா. உன் ஆரஞ்சை என்கிட்ட கேளு, போடி"ன்னு கதவைச் சாத்தினா. பிறகு மறுபடி சுவரைப் பாத்து உக்காந்தா.

ஞானபாய் அக்கா, "எடி லில்லி, நீ பட்டினி கெடந்து செத்தா உன் அடக்கத்துக்கு ஒருநாள் என் மீன் யாவாரம் போகும்"னு சொல்லிப் பாத்தா. சிரிக்கல்ல.

இண்ணைக்கு மத்தியானம் மரச்சீனி வேகவெச்சு நெத்தோலி அவியல் வெச்சேன். தட்டை அவ முன்னால வெச்சு நானும் எதிர்ல உக்காந்தேன். சொன்னேன்:

"மாமி, நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க தின்னாலும் போவேன், தின்னல்லன்னாலும் போவேன். நீங்க தின்னல்லன்னா அங்க எனக்கும் இறங்காது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"மிரட்டுதியா?"

"இல்ல மாமி. நடக்கப் போறதைச் சொல்லுறேன்."

என்னைப் பாத்தா. ரெனில் கோபப்படும்போ பாக்கிற அதே கண்ணு. நான் இவ்வளவு நாளா அது எங்க இருந்து வந்ததுன்னு கவனிச்சதே இல்ல. வலது கையில கட்டு. இடது கையால மரச்சீனியைப் பிட்டு வாயில வெச்சா. கண்ணை என் முகத்தில இருந்து எடுக்கல்ல. மெல்லவே இல்ல, விழுங்கினா. புரையேறிச்சு. தண்ணி குடுத்தேன், தட்டிவிட்டா. கண்ணீரும் மூக்கும் ஒழுகுது, அதோட சேத்துத் தின்னா. நெத்தோலி முள்ளைக் கூட எடுக்கல்ல. தட்டில ஒரு துண்டு மிச்சம் வெக்காம தின்னு, தட்டை என் பக்கம் தள்ளிக் காட்டினா.

"கண்டியா? தின்னாச்சு. இனி போ."

காலையில ஞானபாய் அக்கா வண்டியில வாறேன். இந்தக் கடுதாசியும் அதே வண்டியிலதான் வரும். பிறகு எதுக்கு எழுதுறேன்னு கேட்டா தெரியல்ல. எழுதாம இந்த வீட்டில நேரம் போகல்ல.

பை கெட்டிட்டேன். மாமி இன்னும் அந்தத் தட்டுக்கு முன்னாலதான் இருக்கா. தின்ன கை காஞ்சுபோச்சு. இன்னும் கழுவல்ல.

ஷிஜா